காரண எண் ஐந்து

பேராசிரியை தொண்டையைச் செருமியதும் அக்கா கைக்கடிகாரத்தின் முகப்பை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக்கொள்கிறார். நோட்டின் ஓரத்தில் ஓர் எண் விழுகிறது. பேராசிரியை நிறுத்தியதும் இன்னொன்று. இடையில் யாராவது கேள்வி கேட்டால் அதற்குத் தனி எண். அந்தக் கேள்வியை வேறு யாராவது பாதியில் வெட்டினால் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய பெருக்கல் குறி. வகுப்பு முடியும்போது பாடக் குறிப்பு அரைப் பக்கமும் நேரக் குறிப்பு ஒன்றரைப் பக்கமும் இருக்கும். "இன்னிக்கு ஆம்பளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து முப்பத்தி நாலு நிமிஷம். பொம்பளைங்க பன்னெண்டு பேரும் சேர்ந்து பதினொண்ணு" என்று படியில் இறங்கும்போது சொல்வார். குரலில் குற்றச்சாட்டு இருக்காது. வண்டி வந்து சேர்ந்ததைச் சொல்வது போலவே சொல்வார்.

அவர் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே வேலை. வயது நாற்பத்தேழு. சனிக்கிழமைதோறும் எங்களோடு ஓராண்டுப் பட்டயப் படிப்பு படிக்கிறார்: பெண்ணுரிமை இயக்கங்களின் வரலாறும் பாலினச் சமத்துவமும். வகுப்பில் பதினான்கு பேர். அதில் நான்கு பேர் அவருடைய மகளைவிட இளையவர்கள். பக்கத்து நாற்காலி என்னுடையது. நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியவள் நான். வாரத்தில் ஒரு நாளாவது ஓரிடத்தில் உட்காரலாமே என்று சேர்ந்தேன். அக்கா அப்படிச் சேரவில்லை. அவருக்கு இந்தப் படிப்பிலிருந்து ஒரு வேலை வேண்டும். எந்த வேலை என்பதும் அவருக்குத் தெரியும்.

இப்போதைய வேலையிடம், பேருந்துகள் நிலையத்துக்குள் திரும்பும் முனையில் மூன்று பக்கம் கண்ணாடி வைத்த கூண்டு. ஒரு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் ஒரு மின்விசிறி. விசிறி சுற்றினால் பதிவேட்டின் தாள் பறக்கும் என்பதால் அது சுற்றுவதில்லை. கண்ணாடியில் பேசுவதற்கென்று ஒரு வட்டத் துளை உண்டு. ஆண்களின் வாய் உயரத்துக்கு வெட்டப்பட்ட துளை. பெண் நடத்துநர்கள் குதிகாலை எக்கிப் பேச வேண்டும். அவர்களில் ஒருவருக்கு மட்டும் அது சரியாக வாய்க்கு நேரே இருக்கும். அவரை எல்லாரும் நெட்டை என்றே கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

பதிவேட்டில் எட்டுக் கட்டங்கள். தட எண், வண்டி எண், நடத்துநர் எண், புறப்பட வேண்டிய நேரம், புறப்பட்ட நேரம், தாமதம், காரண எண், விவரம். காரணங்கள் மொத்தம் ஐந்து. ஒன்று, வண்டிப் பழுது. இரண்டு, சாலை நெரிசல். மூன்று, ஊழியர் வரவில்லை. நான்கு, மழை காற்று. ஐந்து, இதர. ஐந்து போட்டால் மட்டும் கடைசிக் கட்டத்தில் விவரம் எழுத வேண்டும் என்பது விதி. ஒரு வண்டி தாமதமாவதற்கு இதற்கு மேல் காரணம் இருக்க முடியாது என்று எப்போதோ யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். நான் பல ஊர்களில் வராத வண்டிக்காக மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அந்த மனிதர் நினைத்தது பெரும்பாலும் சரிதான்.

பணிமனையில் இந்த எண்கள் பேச்சாகவே ஆகிவிட்டன. உடம்பு சரியில்லை என்றால் "எனக்கு இன்னிக்கு ஒண்ணு." பெண் பார்த்துப் பார்த்துக் கல்யாணம் தள்ளிப்போகிற ஓட்டுநரைப் பற்றி, "அவன் ரெண்டுல மாட்டிக்கிட்டான், விடுங்க." வாய்விட்டுச் சொல்ல முடியாதது எல்லாம் ஐந்து. "ஏன் மூஞ்சி தொங்குது?" என்று கேட்டு "அஞ்சு" என்று பதில் வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் தோண்டுவதில்லை.

எண்கள் அக்காவோடு வீட்டுக்கும் போகின்றன. கணவர் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நல்ல மனிதர், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு மாலை நான் போயிருந்தபோது நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "உலகத்துல எல்லாப் பொம்பளைக்கும் உரிமை வந்துடுச்சு. இந்த வீட்டுக்கு டீதான் வரல" என்றார்.

அக்கா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டீ இருபது நிமிஷம் லேட்டு. காரணம் மூணு, டிரைவர் வரல. எந்திரிச்சுப் போய் ஓட்டுங்க."

எழுந்து போனார். நான்கு டம்ளர்களோடு திரும்பினார். மகளுடையதில் சர்க்கரை இல்லை. "வண்டி வந்துடுச்சு, சீட்டுதான் இல்ல" என்றாள் மகள், டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபடி.

வகுப்பில் அக்கா கேட்கும் கேள்விகள் பேராசிரியைக்குச் சிரமம் தருகின்றன. முதல் அலை, இரண்டாம் அலை என்று பெண்ணுரிமை இயக்கங்களைப் பிரித்துக்கொண்டு வந்த ஒரு நாள் அக்கா கையில் பேனாவோடு எழுந்தார். "அலைன்னா அதுவா வந்து அதுவா போயிடும்ல மேடம்? இது அப்படி இல்லையே. டிரிப்பு மாதிரி. யாராவது எடுத்தாதான் போகும்." பேராசிரியை, அலை என்பது ஓர் உருவகம் என்றார். "சரிங்க மேடம்" என்று உட்கார்ந்தார் அக்கா. உட்கார்ந்து என்னிடம், "உருவகத்துக்கு நேரம் போட முடியாது" என்றார்.

பாடப் புத்தகத்தில் வருகிற ஒவ்வொரு உரிமையையும் அவர் தன் பதிவேட்டு முறையில் ஒரு நீளத்தாளில் எழுதிவருகிறார். கோரிக்கை, புறப்பட்ட ஆண்டு, சேர்ந்த ஆண்டு, தாமதம், காரண எண். சம ஊதியம், சொத்து, இரவு வேலை, பேறுகால விடுப்பு. பாதிக் கட்டங்களில் சேர்ந்த ஆண்டு இல்லை. 'இன்னும் வழியில்' என்று எழுதியிருக்கிறார். ஒரு நாட்டில் வாக்குரிமை கேட்டுப் பெண்கள் முதலில் கூடியதற்கும் வாக்குச்சீட்டு கைக்கு வந்ததற்கும் நடுவே எழுபத்திரண்டு ஆண்டுகள். அந்த வரியில் காரண எண் அழித்து அழித்துத் தாள் நைந்திருந்தது.

"மூணுன்னு போட்டேன். அப்புறம் பாத்தா ஊழியரெல்லாம் வந்துட்டாங்க. வரிசையா வந்து நின்னுட்டாங்க. வண்டியத்தான் குடுக்கல. அதுக்கு நம்பரே கெடையாது."

இந்தத் தாளைப் பார்த்துப் பேராசிரியை ரசித்துச் சிரித்தார். பிறகு கேட்டார்: "இதுல கோட்பாடு எங்கம்மா?" பின்னால் அக்கா எழுதிய ஆய்வேட்டில் கோட்பாடு என்ற அத்தியாயத்துக்கு மட்டும் மகள் உதவினாள். "அம்மா சொல்லச் சொல்ல நான் கஷ்டமான வார்த்தையா மாத்திக் குடுத்தேன்" என்றாள்.

அவர் குறிவைத்திருக்கும் வேலை இதுதான். போக்குவரத்து நிறுவனம் சமத்துவ அலுவலர் என்று ஒரு பதவி உண்டாக்கியிருக்கிறது. உள்ளே வேலை செய்பவர்களிலிருந்தே எடுப்பார்கள். இந்தப் பட்டயம் வேண்டும். வயது நாற்பத்தெட்டைத் தாண்டியிருக்கக் கூடாது. அக்காவுக்கு நாற்பத்தெட்டு முடிய அதிக காலம் இல்லை. அடுத்த முறை என்று ஒன்று அவருக்குக் கிடையாது. "இருபத்திரண்டு வருஷமா அடுத்தவங்க எப்ப வந்தாங்கன்னு எழுதியாச்சு. ஏதாவது ஒண்ண நானே வர வைக்கணும்னு ஆசை" என்றார். இதைச் சொன்னபோது மட்டும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தேர்வுக் குழுவின் தலைவர் மண்டல மேலாளர். எதைக் கேட்டாலும் "மண்டலம் முடிவு செய்யும்" என்பார் என்பதால் அவருக்கு மண்டலம் என்றே பெயர்.

பட்டயத்துக்கு ஒரு சிறு ஆய்வேடு எழுத வேண்டும். மற்றவர்கள் பெரிய பெரிய தலைப்புகளாக எடுத்தார்கள். அக்கா தன் வேலையிடத்தில் எழுந்த ஒரே ஒரு கோரிக்கையை எடுத்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் பெண் ஊழியர்கள் முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். நிலையத்தில் பெண்களுக்கு ஓர் அறை வேண்டும். கதவு, தாழ்ப்பாள், தண்ணீர், கழிவறை. கேட்டது இவ்வளவுதான். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. 'பதிவேடுகளைப் பரிசீலித்ததில், பெண் ஊழியர்களுக்கு வசதிக் குறைவு காரணமாக எந்தப் பயணமும் தாமதமானதாகத் தெரியவரவில்லை.' அந்தக் கடிதத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியவர் அக்காதான். அறை இன்னும் வரவில்லை. பெண் நடத்துநர்கள் எதிரில் இருக்கும் மருந்துக்கடைக்காரரின் வீட்டுக் கழிவறைக்குப் போய்வருகிறார்கள். வெயில் காலத்தில்கூட அவர்களுடைய தண்ணீர் பாட்டில்கள் மூடி திறக்காமலே வீடு திரும்புகின்றன.

பழைய பதிவேடுகளைப் பார்க்க முறைப்படி அனுமதி வாங்கினார். டயர் அறையின் மூலையில் பதினொரு பதிவேடுகள். கவிழ்த்த பேட்டரிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து இரண்டு நாள் பிற்பகல் அவர் வாசிக்க நான் குறித்தேன். காரணம் ஐந்து என்று வருகிற வரிகளில் இரண்டு வகை இருந்தன. ஒரு வகையில் விவரம் இருந்தது: ஊர்வலம், பாலத்தில் வேலை, பயணிகள் தகராறு. இன்னொரு வகையில் விவரக் கட்டத்தில் ஒரு சிறிய படுக்கைக் கோடு மட்டும். முதல் நாள் முடிவதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. கோடு விழுந்த இடங்களிலெல்லாம் நடத்துநர் எண் ஒரு பெண்ணுடையது.

நானூற்றுப் பன்னிரண்டு கோடுகள். அறுபத்தொரு மணி நாற்பத்தெட்டு நிமிடத் தாமதம். கூட்டிச் சொன்னபோது அக்காவின் குரல் படியில் இறங்கும்போது வருகிற அதே குரலாக இருந்தது. பிறகு, "எல்லாம் என் கையெழுத்து" என்றார்.

நடந்தது இது. பெண் நடத்துநர் ஒருவர் எட்டு நிமிடமோ பத்து நிமிடமோ தாமதமாக வந்து துளையருகே எக்கி நிற்பார். "அஞ்சு போட்டுடுங்க அக்கா" என்பார். கழிவறைக்குப் போன நேரம், துணி மாற்றப் போன நேரம், வயிற்றுவலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம். மூன்று போட்டால் அவருக்கு மெமோ. ஒரே மாதத்தில் மூன்று மெமோ சேர்ந்தால் தூரத்துப் பணிமனைக்கு மாற்றம். எனவே அக்கா ஐந்து போட்டார். விவரக் கட்டத்தில் கோடு போட்டார். மண்டலம் பரிசீலித்தபோது பதிவேட்டில் ஒன்றும் இல்லாமல் போனதற்குக் காரணம் அந்தக் கோடுகள்.

மறுநாள் கூண்டுக்குப் பின்னால் வைத்து நெட்டையிடம் அவரே இதைச் சொன்னார். நெட்டைக்கு ஒன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது மதிய டிரிப்புக்கு முன் டயர் அறையில் நின்று பாலைப் பீய்ச்சிவிட்டுத்தான் வண்டி ஏறியிருக்கிறார். இன்னொரு நடத்துநர் தடப் பலகையைத் தூக்கிப் பிடித்து மறைப்பாராம்.

"நானூத்திப் பன்னெண்டுல என்னோடது எத்தன?" என்று கேட்டார் நெட்டை.

"இருபத்தாறு."

"இருபத்தாறுக்கும் கோடா?"

"கோடுதான்."

"நீங்க எங்களக் காப்பாத்துறீங்கன்னுல்ல நெனச்சோம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

நெட்டை கொஞ்ச நேரம் பயணச்சீட்டு இயந்திரத்தின் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தார். "என்னன்னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாம்ல?"

"என்னன்னு எழுத? பால் கட்டிக்கிச்சுன்னா? சாயங்காலமானா அதே பதிவேட்ட நாலு ஆம்பளைங்க எச்சி தொட்டுப் புரட்டுவாங்க. உனக்கு அசிங்கமாயிடும்னு பாத்தேன்."

"எனக்கா, உங்களுக்கா?"

ஒரு வண்டி உள்ளே திரும்பியது. அக்கா போய் அதைப் பதிந்துவிட்டு வந்தார். அதற்குள் நெட்டையின் வண்டிக்கு நேரமாகியிருந்தது. ஏறும்போது படியில் நின்று, "இதெல்லாம் எழுதிக் குடுத்துடாதீங்க. விவரம் இல்லாம அஞ்சு போட்டா பதிவேட்ல பொய்யின்னு ஆயிடும். மண்டலம் கண்ணுல பட்டா அந்தப் போஸ்ட்டு மட்டும் இல்ல, இந்தக் கூண்டும் போயிடும்" என்றார். விசில் ஊதினார். வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

வீட்டிலும் அதே பேச்சுதான். "புது வேலையில தனி ரூம், ஃபேன், சுத்துற நாற்காலி. எல்லாம் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. இந்த நேரத்துல கோட்டக் கொண்டுபோய் எதுக்கு நீட்டுற?" என்றார் கணவர். மகள் கட்டுரையைப் புரட்டிக்கொண்டே, "அம்மா, எழுத்துத் தமிழ்ல அஞ்சுன்னா பயப்படுன்னு அர்த்தம், தெரியும்ல?" என்றாள்.

"தெரியாமலா இத்தன வருஷம் போட்டேன்?"

பேராசிரியை நடைமுறை தெரிந்தவர். அவர் இலக்கணத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். 'ஐந்து என்று பதியப்பட்டது' என்று எழுதுங்கள் என்றார். யார் பதிந்தது என்று செயப்பாட்டு வினை கேட்காது. கோடு எதைக் குறிக்கிறது என்பதற்கு அடிக்குறிப்பில், 'பெயர் வெளியிட விரும்பாத தகவலாளர் ஒருவர் தெரிவித்தது' என்று போட்டால் போதும். நிலையத்தில் மூன்று ஷிப்ட், மூன்று டைம் கீப்பர்கள். யாரென்று எவரும் தேடப்போவதில்லை. "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்" என்றார். உண்மையாகவே நல்லதுக்குத்தான் சொன்னார்.

"அந்தத் தகவலாளர எனக்கு நல்லாத் தெரியும் மேடம். தினம் என்கூடத்தான் பஸ்ல வர்றா" என்றார் அக்கா. ஆனாலும் பதியப்பட்டது என்றே எழுதினார். அடிக்குறிப்பும் போட்டார். கணவர் அதை நகலெடுத்து, பைண்டிங் செய்து, முதுகில் தங்க எழுத்தில் தலைப்பும் போட்டுவந்து கொடுத்தார். மூன்று பிரதிகள். அக்கா அவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று மகள் சொன்னாள்.

வாய்மொழித் தேர்வு ஒரு புதன்கிழமை காலை நடந்தது. வகுப்பு மாணவர்களும் வேண்டியவர்களும் பின் வரிசையில் உட்காரலாம் என்பதால் நான் போயிருந்தேன். நீளமான மேசை. ஒரு பக்கம் பேராசிரியை, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், நிறுவனத்தின் சார்பில் பார்வையாளராக மண்டலம். எதிர்ப்பக்கம் அக்கா. நெட்டை அன்றைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் முன் நாற்காலியில் இடித்தது.

மண்டலம் இனிமையாகவே பேசினார். "நம்ம நிறுவனத்துலேருந்து ஒருத்தர் இப்படிப் படிச்சு வர்றது பெருமையா இருக்கு. பழைய பதிவேடு எல்லாம் தேடி எடுத்திருக்காங்க. அந்த உழைப்பு முக்கியம்" என்றார். சொல்லிவிட்டுத் தன் கைப்பேசிக்குத் திரும்பினார். அதற்கு இரண்டு அர்த்தம் இருக்க முடியாது. பதவி கிட்டத்தட்ட அக்காவுடையது.

தேர்வாளர் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண்மணி. பக்கத்தின் மூலைகளை மடித்து வைத்திருந்தார். அலை என்ற சொல்லை ஏன் தவிர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா தன் டிரிப் விளக்கத்தைச் சொன்னார். அவர் சிரித்துக் குறித்துக்கொண்டார். பிறகு மடித்த பக்கங்களில் கடைசியாக இருந்ததைத் திறந்தார்.

"இந்த ஆய்வு மொத்தமும் ஒரு கோட்டு மேல நிக்குது. இந்தக் கோடுன்னா பெண்களுக்கு இடமில்லாததால வந்த தாமதம்னு சொல்றீங்க. அது சும்மா ஒரு கோடாவும் இருக்கலாமே? எழுத சோம்பல்பட்டு யாரோ இழுத்துவிட்டதா இருக்கலாம். அப்படின்னா உங்க நானூத்திப் பன்னெண்டும் ஒண்ணுமில்லாமப் போயிடும். அந்த அறை வேணும்னு கேக்க ஆதாரமும் இல்ல."

"அடிக்குறிப்புல…" என்று பேராசிரியை தொடங்கினார்.

"பாத்தேன். பெயர் சொல்லாத ஒருத்தர். அத வச்சு நான் என்ன பண்றது?" தேர்வாளர் அக்காவின் பக்கம் திரும்பினார். "கோடு போட்டவங்கள நீங்க நேர்ல பாத்துக் கேட்டீங்களா? யாரு அவங்க?"

பேராசிரியை, அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே என்றார். மண்டலம் கைப்பேசியிலிருந்து நிமிர்ந்தார். நெட்டை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

அக்கா வலது கையைத் தூக்கினார். முழங்கை மேசையை விட்டு எழ, நேராக, முழுவதுமாக. தேர்வாளர் பேனாவை எடுத்து மூடி கழற்றி எழுதத் தொடங்கினார். அவர் எழுதி முடிக்கும்வரை அக்கா கையை இறக்கவில்லை.